மேடு பள்ளச் சித்தரின் எலுமிச்சம்பழம்

செங்கல்பட்டுக்கு வெளியே, குன்றடியில் ஒரு மனைப்பிரிவு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காது. கேளம்பாக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். கருங்குழியிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள், மனை வாங்கும்போது பத்திரத்தை வரிவரியாகப் பார்த்தவர்கள். வீடு கட்டப் போகும்போது மட்டும் மூளையைக் கழற்றிக் கார் டேஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்குவார்கள்.

எல்லாம் மேடு பள்ளச் சித்தரைப் பார்க்கத்தான். சித்தர் முன்பு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை படுத்தது, ஞானம் எழுந்தது. இப்போது காவி வேட்டி, கூலிங் கிளாஸ், கையில் ஒரு பித்தளைத் தட்டு, அதில் ஓர் எலுமிச்சம்பழம். மனையில் தட்டை வைத்து நடுவில் பழத்தை விடுவார். பழம் எந்தப் பக்கம் உருள்கிறதோ அந்தப் பக்கமாக லட்சுமி ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். அந்தப் பக்கத்தை மண் கொட்டி மேடாக்கினால்தான் நிற்பாளாம். சாதாரண மண் கூடாது, மந்திரித்த மண் வேண்டும். அது சித்தரின் மைத்துனர் ரமேஷின் டிப்பர் லாரியில் மட்டுமே கிடைக்கும்.

லட்சுமிக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. எந்த மனையிலும் ரோட்டுப் பக்கமாகத்தான் ஓடுவாள். டிப்பர் ரிவர்ஸ் எடுக்க அதுதான் வசதி.

துர்காதேவியின் மனை பின்னால் குன்றில் உயர்ந்து, முன்னால் ஏரி ரோட்டுக்குச் சரிந்திருந்தது. பொறியாளர் ரெபேக்காள் அந்தச் சரிவோடு சண்டை போடவில்லை. மேல் மட்டத்தில் அறைகள், படியிறங்கினால் கூடம், அதற்குக் கீழே வண்டி நிறுத்த இடம் என்று வரைந்து கொடுத்தார். குன்றின் மழைத்தண்ணீர் பக்கவாட்டு வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போய்விடும். அந்த வாய்க்காலை அடைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வரைபடத்துக்கு அனுமதியே கிடைத்தது. மேல்தளம் போட்டாயிற்று. அப்போதுதான் லோடு வேன் ஓட்டும் துர்காதேவியின் கணவன் ஜெயக்குமாருக்குச் சித்தர் பித்துப் பிடித்தது.

"முன்னால மண்ணு கொட்டிடலாம் துர்கா. பக்கத்து மனை ராஜாராம் அண்ணாத்தயே கொட்டிக்கினாரு."

"கொட்டிக்கினாரு. போன மழைல அவரு வூட்டு ஹாலு பூரா தண்ணி நின்னுகினு இருந்திச்சே, அது இன்னாவாம்?"

"அது மழையோட தப்பு."

மழை மேல் வழக்குப் போட இன்னும் சட்டம் வரவில்லை. துர்காதேவி கணக்குப் போட்டுப் பார்த்தாள். முன்பக்கம் மேடானால் வாய்க்கால் அடைபடும், குன்றுத் தண்ணீர் நேராகத் தன் வீட்டுக்குள் வரும், வீட்டு அனுமதியும் போகும். இருவரும் இத்தனை வருஷம் உழைத்துக் கட்டுகிற ஒரே வீடு. ஆனால் அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். சந்தேகம் வந்தால் அழமாட்டாள், இன்னொரு தடவை டெஸ்ட் எடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தர் வந்தார். ரோட்டில் டிப்பர் மண்ணோடு உறுமிக்கொண்டு நின்றது. சித்தர் மேல்தளத்தில் தட்டை வைத்தார். தட்டின் ஓரத்தில் இருந்த குங்குமப் பொட்டு குன்றைப் பார்த்தது. பழத்தை விட்டார். அது ரோட்டுப் பக்கமாக உருண்டது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சாமி, இது மட்டம் பாத்து போட்ட தளம். தண்ணி ஊத்துனா அப்டியே நிக்கும். பழம் மட்டும் ஏன் ஓடுது?" என்றாள் துர்காதேவி.

"நீ பாக்குறது மண்ணோட சரிவும்மா. பழம் பாக்குறது சக்தியோட சரிவு."

"சரி சாமி. இன்னொரு வாட்டி பாத்துடலாம்."

சொல்லிக்கொண்டே குனிந்து தட்டைத் திருப்பி வைத்தாள். இப்போது பொட்டு ரோட்டைப் பார்த்தது.

சித்தர் பதறினார். "தட்டுல கைய வைக்காத. தீட்டு."

"தெனம் ஊரு ரத்தத்துல கைய வைக்கிறேன். எனக்கு இன்னா தீட்டு?"

பழத்தை நடுவில் விட்டாள். அது சாவகாசமாகக் குன்றைப் பார்த்து உருண்டது. கூட்டத்தில் ஒருவர் கன்னத்தில் போட ஓங்கிய கை பாதியில் நின்றது.

"இன்னா சாமி, லட்சுமி மலைப் பக்கம் ஓடுறா. டிப்பர அங்க ஏத்தச் சொல்லுங்கோ."

"அது... கெரகம் மாறிடுச்சி," என்றார் சித்தர்.

"அதுக்குள்ளயா?"

ராஜாராம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஹாலில் தண்ணீர் இறைத்த மனுஷன். தட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பழத்தை விட்டார். லட்சுமி பக்கத்து மனைக்குக் கிளம்பினாள். தட்டைக் கவிழ்த்தார். குங்குமப் பொட்டுக்கு நேர் கீழே, சுத்தமாகப் பற்றவைத்த ஈயக் குமிழ் ஒன்று. பொட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தட்டு தூக்கி நிற்கும், பழம் எதிர்ப்பக்கம் ஓடும். செல்போன் கடை அனுபவம் வீண்போகவில்லை.

"இத்த நம்பியாய்யா நான் மண்ணு கொட்டுனேன்?" என்றார் ராஜாராம்.

பதில் சொல்லச் சித்தர் அங்கே இல்லை. ரோட்டுப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் டிப்பர் ஓடிக்கொண்டிருந்தது. இறக்கம் என்பதால் இருவருக்கும் சிரமமில்லை.

ஜெயக்குமார் தலையைச் சொறிந்தான். "வாய்க்கால்ல செத்தை கெடக்குது. அள்ளிடட்டுமா?"

"அள்ளு. அப்டியே ராஜாராம் அண்ணன் வூட்டு மண்ண எடுக்க ஒன் வேனையும் குடு."

இத்தோடு கதை முடிந்திருந்தால் கூட்டத்தில் நின்ற நானும் சந்தோஷமாகப் போயிருப்பேன். கூட்டம் கலையும்போது ஒரு கேளம்பாக்கத்து இளைஞர் துர்காதேவியிடம் வந்து மெதுவாகக் கேட்டார்:

"மேடம், இவரு டூப்பு சரி. ஒரிஜினல் தட்டு வச்சிருக்கறவரு யாராச்சும் தெரியுமா?"

அவருடைய கார் அங்கேதான் நின்றது. கண்ணாடி வழியே பார்த்தேன். டேஷ்போர்டில், வெயிலில், அவர் கழற்றி வைத்த மூளை பாவமாகக் காய்ந்துகொண்டிருந்தது. எது மேடு, எது பள்ளம் என்று தண்ணீர் யாரையும் கேட்பதில்லை ஐயா. முதலில் அதை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டைப் பிறகு கட்டலாம்.