வருஷத்துக்கு ஒரு மாதம் கூட்டிய வரலாறு

உலகத்தில் எத்தனையோ நாட்டார் காலத்தைக் கணக்குப் பார்த்தார்கள். எகிப்தியர் ஆற்றைப் பார்த்தார்கள். பாபிலோனியர் நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். காலத்தையே கூப்பிட்டு எதிரே நிறுத்தி, 'போய் ஒரு மாதம் கழித்து வா' என்று அனுப்பிவைத்தவர்கள் எருசலேம் மூப்பர்கள் மட்டுமே. அந்தப் பெருமையில் எரிகோ பெலத்தியாவின் பண்ணையாள் யாக்கீமுக்கும் ஒரு பங்கு உண்டு. அவன் அதைக் கேட்டு வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

யாக்கீம் ஆறு வருஷத்துக்கு விற்கப்பட்டவன். யூதர் கணக்கில் கடைசி மாதமான ஆதார் முடிந்தால் வருஷம் முடிந்தது; ஆறும் முடிந்தது; அவன் சுதந்திர மனிதன். ஒரு பகல் மலையேறினால் பெத்தேல். அங்கே மனைவி சிபியாள் நிறைமாதமாக இருந்தாள். ஆதாருக்கு அடுத்த நிசான் மாதம் முதல் வாரத்தில் பிரசவம் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். மூத்தவள் நடக்கப் பழகிய பிறகுதான் அப்பனையே பார்த்தாள். பார்த்ததும் பயந்து அழுதாள். இந்தப் பிள்ளை பிறக்கும்போதாவது வாசலில் நிற்க வேண்டும். யாக்கீமுக்கு அந்த ஆசை ஒன்றுதான்.

அந்த ஆதாரில் ஒரு நாள் பெலத்தியா அவனைக் கூப்பிட்டார்.

"வடக்கு ஓரத்துல, பாறை நிழல்ல நிக்கிற வாற்கோதுமையில நாலு கதிர் பறிச்சிட்டு வாப்பா. நல்ல பச்சையா இருக்கணும்."

வயலெல்லாம் மஞ்சளாகித் தலை சாய்ந்து நிற்கையில் எஜமானுக்கு ஏன் பச்சைமேல் ஆசை என்று அவன் கேட்கவில்லை. பெரிய மனிதர்களுக்கு ஆயிரம் வைத்தியம் இருக்கும். அவன் நல்ல வேலைக்காரன். தேடித் தேடி, இன்னும் பால்கூடப் பிடிக்காத கதிர்களாகப் பறித்தான். கழுதையை ஓட்டிக்கொண்டு எஜமானோடு எருசலேமுக்கும் போனான்.

பெலத்தியா சபையில் ஒரு மூப்பர். சபையின் முன் இருந்த பிரச்சினை மிகப் பெரியது. நிலாவைக் கொண்டு எண்ணும் வருஷம் சூரியனின் வருஷத்தைவிடப் பதினோரு நாள் குறைவு. சும்மா விட்டால், வசந்தத்தில் கதிர் விளையும்போது வரவேண்டிய பஸ்கா பண்டிகை குளிர்காலத்துக்குள் போய் விழும். ஆகவே கதிர் விளையத் தாமதமாகும் வருஷத்தில் இன்னோர் ஆதாரைச் சேர்ப்பது முன்னோர் கண்ட ஞானம். அதில் குறை சொல்ல யாருக்கும் நாக்கு வராது.

மூன்று பேர் பேச்சைத் தொடங்கினார்கள், ஐந்து பேர் விவாதித்தார்கள், ஏழு பேர் முடிவெடுக்க உட்கார்ந்தார்கள். பாலம் உடைந்திருப்பதால் யாத்திரிகர் வர ஒரு மாதம் கூடுதலாகத் தேவை என்றார் ஒருவர். பாலத்தைச் சரிசெய்யலாமே என்று இன்னொருவர் விவரமில்லாமல் கேட்டுவிட்டார். அதற்குக் கல் சுமக்க வேண்டும், மாதம் கூட்டுவதற்குக் கை தூக்கினால் போதும் என்று அவருக்கு விளக்கப்பட்டது. பிறகு பெலத்தியா எழுந்தார். கண்ணில் நீர் தளும்ப நான்கு கதிர்களையும் நடுவில் வைத்தார். ஏழு பேரும் 'ஆழ்ந்து பரிசீலித்தார்கள்'. இவை எரிகோ வயலில் பறித்தவைதானா என்று தலைவர் யாக்கீமைக் கேட்டார். பொய் சொல்லிப் பழகாதவன், ஆமாம் என்றான்.

அடுத்த மாதமும் ஆதாரே என்று தீர்ப்பானது.

யாக்கீம் விரல் மடக்கிப் பார்த்தபோதுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அவனிடம் காசு ஏது? கதிரை வைத்தே காரியத்தை முடித்துக்கொண்டான்.

ஊர் திரும்பிய மறுநாள் பெலத்தியா அவன் கையில் அரிவாளைக் கொடுத்தார். முதல் கதிர்க்கட்டு ஆலயத்துக்குப் போகுமுன் புதுத் தானியத்தை யாரும் தின்னக் கூடாது. ஆனால் அறுத்துக் குவித்து வைப்பது எரிகோக்காரர்களின் பழக்கம்.

"வெளையலேன்னு தீர்ப்பாச்சே, ஐயா?" என்றான் யாக்கீம்.

"அது சபைக்குக் கொண்டுபோன கதிரு. இது வயல்ல நிக்கிற கதிரு. உதிர்ந்து போச்சுன்னா நீயா பொறுக்குவே?"

இரண்டாம் ஆதாரின் ஐந்தாம் நாள், பாதி அறுப்பில் பெத்தேலிலிருந்து ஆள் வந்து ஆண் பிள்ளை என்று சொன்னான். பெலத்தியா மனப்பூர்வமாக வாழ்த்திவிட்டு, கவலையோடு கேட்டார்.

"நிசான்லதானே பொறக்கணும்னே? ஒரு மாசம் முந்திட்டானே, கொறைப் பிரசவமா?"

"முழுசா பத்து மாசந்தாங்க. சபை கூடினது அவனுக்குத் தெரியாது."

பிறந்த எட்டாம் நாள் விருத்தசேதனம், ஆண் பிள்ளைக்கு நுனித்தோல் நீக்கும் சடங்கு. போய் வர அனுமதி வேண்டும் என்றான். அறுப்பு முடிந்ததும் தாராளமாகப் போகலாம் என்றார் எஜமான். அப்படியானால் சடங்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று யாக்கீம் கேட்டதும் பெலத்தியா காதைப் பொத்திக்கொண்டார்.

"என்ன பேச்சு பேசுறே? எட்டாம் நாளு கடவுள் வகுத்தது. அதுல கை வைக்க நான் யாரு? ஒன் மச்சினன் நின்னு பாத்துக்குவான்."

"அப்ப மாசத்துல மட்டும் கை வைக்கலாமுங்களா?"

"மாசத்தை அவரே எங்க கையில குடுத்திருக்காருப்பா."

யாக்கீம் குனிந்து அடுத்த பிடியை அறுத்தான். நிமிராமலே சொன்னான்:

"அவர் குடுத்தது நிலாவோட மாசம், ஐயா. நீங்க எடுத்துக்கிட்டது என்னோட மாசம்."