கக்கிய பாலுக்கு நான் பிடித்த குற்றவாளி

ஒன்றும் தெரியாத அப்பனை மன்னித்துவிடலாம். கைக்குழந்தை வளர்ப்பைப் பற்றி போனில் நாலு வீடியோ பார்த்த அப்பனை மட்டும் வீட்டுக்குள் விடக்கூடாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் அந்த இரண்டாவது வகை.

எங்கள் மகள் ஜெனி பிறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. குடித்த பாலைக் கக்கிக்கொண்டே இருந்தாள். என் சட்டை, தலையணை, திருவொற்றியூர் வரைக்கும் பஸ் ஏறிப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள், எதையும் யாரையும் விட்டுவைக்கவில்லை. குழந்தை என்னவோ சிரித்துக்கொண்டுதான் கக்கியது. எனக்குத்தான் ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. கைக்கெட்டிய தூரத்தில் என் மனைவி ஸ்டெல்லா இருந்தாள்.

"உன் பால்லதான் இன்னாவோ கோளாறு" என்றேன். (சொல்லும்போது வாய் கூசவே இல்லை.) அன்றிலிருந்து அவளுக்கு மீன் தடை. அவள் அப்பா காசிமேட்டில் விசைப்படகுக்காரர். பிள்ளை பெற்ற மகளுக்குப் பால் ஊறட்டும் என்று பால்சுறா வாங்கிவந்தார். வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். மனிதர் மீன் பையோடு பஸ் ஏறிப் போய்விட்டார். ஸ்டெல்லா ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதாள். அழுதால் பால் கெட்டுவிடும் என்று அதற்கும் அதட்டினேன்.

இது போதாதென்று, குழந்தை கக்கிய மறு நிமிஷமே திரும்பப் பால் கொடுக்கச் சொல்வேன். போன அளவு உள்ளே வர வேண்டாமா? குடித்து முடித்ததும் வாங்கிக் குலுக்கிக் குலுக்கிக் கொஞ்சுவேன்.

தடுப்பூசி போடும் நாள் வந்தது. சுகாதார நிலையத்தில் வரிசையாகத் தாய்மார்கள். அத்தனை பேர் முன்னாலும் நர்ஸம்மாவிடம் முறையிட்டேன்.

"இவ பாலு கொழந்தைக்கு ஒத்துக்கலக்கா. மீனை நிறுத்தியும் கக்கிக்கினே கீது."

அவர் ஜெனியை எடை போட்டார். "வெயிட்டு நல்லா ஏறிக்கீது. பச்சையா கக்குதா? ரத்தம் வருதா? பீச்சி அடிக்குதா?"

"இல்லக்கா."

"பால் குடிச்சதும் இன்னா பண்ணுவ?"

பெருமையோடு செய்துகாட்டினேன். அப்போதுதான் பால் குடித்திருந்தாள். இரண்டாவது குலுக்கலிலேயே நர்ஸம்மாவின் பதிவேடு நனைந்துவிட்டது.

அவர் அதைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இன்னா வேலை பாக்கற?"

"மணலி கம்பெனில டேங்கர் லாரிக்கு ஆயில் ரொப்பறேன்க்கா."

"மூடி வரிக்கும் ரொப்புவியா?"

"சேச்சே! மேல கொஞ்சம் காலியா வுடணும்க்கா. இல்லாங்காட்டி மொத ஸ்பீடு பிரேக்கர்லயே வழிஞ்சிடும்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. வரிசை முழுக்கச் சிரித்தது.

"லாரிக்குத் தெரிஞ்சது புள்ளைக்குத் தெரில பாரு. கொஞ்சம் கொஞ்சமா குடுக்கட்டும். தோள்ல போட்டு ஏப்பம் வுடவை. அரை மணி நேரம் ஆட்டாம நிமித்தி வெச்சிக்கோ. வளர வளர தானா நின்னுடும். பாலு மேல ஒரு தப்பும் இல்ல. அவளை மீன் துன்ன வுடு."

வெட்கத்தில் செத்தேன். ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை.

நர்ஸம்மா சொன்னபடி செய்தோம். கக்கல் குறைந்தது, சில மாதத்தில் நின்றேவிட்டது.

மூன்று வருடம் கழித்து, இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று மெல்லப் பேச்செடுத்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா தலை நிமிராமல் சொன்னாள். "பெத்துக்கலாம். பாலு நீ குடு."

இப்போதும் ஜெனி, தனக்கு ஏன் தம்பி தங்கச்சி இல்லை என்று கேட்டால் என் மாமனார் முந்திக்கொள்வார். "உங்க நைனாவுக்குப் பாலு ஊறல கண்ணு." வீடே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஸ்டெல்லா எழுந்து உள்ளே போய்விடுவாள்.