மலை இறங்கும் முன் ஒரு மாத்திரை

மாத்திரையை விழுங்கிவிட்டு ஜீப்பில் ஏறிய அருள்பாண்டி, போடிமெட்டிலிருந்து நாலு வளைவுகூட இறங்கியிருக்கமாட்டார். எதிரே மர லோடு லாரி ஒன்று வளைவில் குறுக்கே மாட்டிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நின்றது.

"எப்பப்பா எடுப்பாங்க?" என்று டிரைவர் யோகராஜைக் கேட்டார்.

"கீழருந்து கிரேன் வரணும்ணே. பொழுது சாஞ்சிரும்."

"பொழுது சாஞ்சிருமா!"

"அப்படி என்னண்ணே வெரசாப் போயிப் பாக்குற சோலி?"

அந்தச் சோலியை வெளியே சொல்ல முடியாது. போடியில் ஏலக்காய்க் கடை வைத்து, ஊரில் நாலு பேர் கும்பிடும் நிலையில் இருப்பவர் அருள்பாண்டி. ஒரு வருடமாக முதுகு வலி என்று பொய் சொல்லி, மனைவி ஜோதிக்கு முதுகைக் காட்டியே படுத்துவந்தார். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. போன வாரம்தான், "மக வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்" என்றாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவள் சொல்லவில்லை. கேட்க இவருக்குத் தைரியமும் இல்லை. இன்று ராத்திரி அவளுக்குப் பஸ்.

போடியில் எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் கல்லாவில் ஒரு மச்சானோ சகலையோ உட்கார்ந்திருப்பான். அதனால்தான் கேரள எல்லை தாண்டி டாக்டர் லில்லியிடம் போனார். அந்த அம்மா பிரஷர், சர்க்கரை, இதயம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சீட்டு எழுதினார்.

"இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல கேட்டோ. பாதிப் பேருக்கு வர்றதுதான். ஒரு நாளைக்கு ஒண்ணு, ஒரு மணி நேரத்துக்கு முன்னால. குடிச்சிட்டுப் போடக் கூடாது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையோட இது சேரவே கூடாது. சேர்ந்தா பிரஷர் தடாலுன்னு எறங்கி உயிருக்கே ஆபத்து."

ஒரு மணி நேரம் என்றதும் அருள்பாண்டிக்கு மலைப்பாதைதான் ஞாபகம் வந்தது. ஏலக்காய்க்காரர்கள் கடிகாரத்தை நம்புவதில்லை. மெட்டில் ஜீப் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போடி, அவ்வளவுதான் கணக்கு. மெட்டு டீக்கடையிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது முகம் காந்தியது. மூக்கு அடைத்தது. டாக்டரம்மா முன்கூட்டியே சொன்ன பக்க விளைவுகள்தான். மற்றபடி மானம் போகும்படி ஒன்றும் நடக்கவில்லை. மனசில் ஆசை இருந்தால்தான் மாத்திரை வேலை செய்யுமாம். லாரியின் பின்பக்கத்தைப் பார்த்து யாருக்கு ஆசை வரும்?

பின்சீட்டில் தோட்ட வேலை முடிந்து இறங்கும் பெண்கள். அவர்களில் சுருளியம்மாள் எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் தவசி பக்கத்தில் துண்டால் தலையை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மூஞ்சி ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?"

"வெயிலு தாயி."

"வெயிலா? ஊரே பனி மூடிக் கெடக்கு!"

"அது... லேசாத் தலை சுத்துது."

உடனே ஒருத்தி தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தாள். இன்னொருத்தி சட்டைப் பொத்தானைக் கழற்றி, முறத்தில் புடைக்கிற வேகத்தில் முந்தானையால் விசிறினாள். சட்டைப் பையில்தான் டாக்டர் சீட்டு இருந்தது. அவள் கை அதில் படாமலிருக்க, அருள்பாண்டி பதறி நெஞ்சை இரண்டு கையாலும் பொத்தினார்.

"ஆத்தாடி, நெஞ்சப் பிடிக்கிறாரே! நெஞ்சு வலிக்குதாண்ணே?"

சீட்டைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. "லேசா" என்று சொல்லித் தொலைத்தார்.

ஜீப்பே அலறியது. யோகராஜ் போனை எடுத்தான். என்றைக்கும் இல்லாத அதிசயமாக அந்த வளைவில் டவர் இருந்தது. "ஜோதியக்கா, அண்ணனுக்கு நெஞ்சு வலி!" என்று கத்தி, ஸ்பீக்கரையும் போட்டுவிட்டான்.

சுருளியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்ன மாத்திரையைப் பிரித்தாள். "பயப்படாதீக. எங்க வீட்டுக்காரருக்கு வலி வந்தா இதத்தான் நாக்குக்கு அடியில வப்பேன். வாயத் தொறங்க!"

இரண்டு பெண்கள் அவர் தாடையைப் பிடித்தார்கள். மாத்திரை உதட்டுக்கு வந்துவிட்டது. மானமா உயிரா என்று யோசிக்க ஒரு நொடிதான் கிடைத்தது.

"வேண்டாம்! நெஞ்சு வலியே இல்ல, பொய் சொன்னேன்! ஆம்பளச் சமாச்சாரத்துக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாகிட்டச் சீட்டு வாங்கி மாத்திரை போட்டுருக்கேன். அதோட இது சேந்தா செத்துருவேன்!"

பின்னால் நின்ற வண்டிகளிலிருந்துகூடத் தலைகள் எட்டிப் பார்த்தன. போனில் ஜோதியின் குரல் கேட்டது.

"என்னங்க... அப்ப எம் மேல வெறுப்பு இல்லையா?"

"ஒம் மேலயா? எனக்கு எம் மேலதான் வெறுப்பு ஜோதி. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கொஞ்ச நேரம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. அருள்பாண்டியும் புறங்கையால் கண்ணீரைத் துடைத்தார். டாக்டரம்மா சொன்ன பக்க விளைவுகளில் அது இல்லை.

"ஒரு வருசமா இதுக்கா என்னைய அழ வச்சீங்க? மெதுவா வாங்க. இன்னிக்கு இல்லாட்டி என்ன, நாளைக்கு டாக்டர் சொன்னபடி போட்டுக்கலாம். நான் பஸ்சுக்குப் போகல."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அருள்பாண்டியும் சிரித்துவிட்டார். ஒரு வருடப் பாரம் இறங்கினால் மனுஷனுக்கு வெட்கம்கூடத் தெரிவதில்லை.

சுருளியம்மாளுக்குத்தான் பிரித்த மாத்திரை வீணாகிறதே என்ற கவலை. புருஷன் தலையிலிருந்த துண்டை உருவினாள். "இந்தாய்யா, மலை எறங்குறப்ப உனக்குத்தான் நெஞ்சப் பிடிக்கும். நீயாச்சும் வாயத் தொற."

தவசி தூங்கவே இல்லை. வேர்த்த முகத்தோடு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கு வழியாகச் சொன்னார்.

"எனக்கும் வேணாம் சுருளி... சீட்டு இல்லாம வாங்கி நானும் அதத்தான் போட்டுருக்கேன். யோகராசு, ஜீப்ப அந்த டாக்டரம்மாகிட்டத் திருப்புப்பா!"