திருவொற்றியூரில் வழி தொலைத்த ஐந்து கம்ப்யூட்டர்கள்

அரைகுறையாகத் தெரிந்த வேலையை முழு நம்பிக்கையோடு செய்பவனைப் போல ஆபத்தானவன் உலகத்தில் யாரும் இல்லை. இருபத்திரண்டு வயதில் நான் அப்படித்தான் இருந்தேன்.

துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு சின்ன கம்பெனி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில். ஆறு மாத நெட்வொர்க்கிங் கோர்ஸ் முடித்த கையோடு அங்கே 'சிஸ்டம் இன்ஜினியர்' ஆனேன். (மாத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் போர்டு மாட்டலாமா என்று அப்பா கேட்டார். நான்தான் பெருந்தன்மையாக வேண்டாம் என்றேன்.) கீழே ஐந்து கம்ப்யூட்டர்கள், மாடியில் கப்பல் காகிதங்களையெல்லாம் சேர்த்து வைக்கும் ஒரு சர்வர். எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்திருந்தால் வேலை முடிந்தது. ஆனால் படித்ததை எங்கேதான் காட்டுவது? மாடிக்கு ஒரு எண் வரிசை, கீழ்த்தளத்துக்கு வேறு வரிசை என்று பிரித்தேன். இரண்டுக்கும் நடுவே வழி காட்ட ஒரு ரவுட்டர் பெட்டியை வாங்க வைத்து, மாடிப்படித் திருப்பத்தில் இருந்த உயரமான பீரோவின் மேல் ஏற்றினேன். வைரஸ் வந்துவிடும் என்று எல்லா ஃப்ளாப்பி டிரைவையும் கழற்றி எடுத்தேன்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த காலை. அவரவர் பூஜையில் வைத்ததை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். மூட்டை ஏற்றும் மாரி அண்ணன் தன் கொக்கியைக் கண்ணில் ஒற்றி எடுத்துக்கொண்டார். கப்பல் காகிதங்களைத் தயாரிக்கும் ஸ்டெல்லா அக்கா தன் ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டார். (ராயபுரம் சர்ச்சில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஆனாலும் ஸ்டேப்ளருக்குப் பொட்டு வைக்காமல் விடமாட்டார்.)

"தம்பி, சர்வர் வரலை," என்றார் அக்கா.

வாசலில் தனபாலின் லாரி நின்றது. அதன் மேல் ஒரு கன்டெய்னர் நிறைய இறால். காகிதம் கிடைத்து, மூன்று மணிக்குள் துறைமுக வாசலைத் தாண்டினால் கப்பல் உண்டு. இல்லையென்றால் அடுத்த கப்பல் வரும்வரை தனபால் அந்த லாரியோடே கிடக்க வேண்டும்.

"சார், சாயங்காலம் மீஞ்சூர்ல தங்கச்சிக்கு நிச்சயம் சார். அப்பா கெடையாது. நான்தான் தட்டு மாத்தணும்," என்றார் தனபால். கையில் புதுச்சட்டை பிரிக்காமல் இருந்தது.

"அஞ்சு நிமிஷம்," என்றேன்.

'இருக்கிறாயா' என்று கேட்கும் ஒரு பிங்கை சர்வருக்கு அடித்துப் பார்த்தேன். பதில் இல்லை. வழியில் எங்கே நிற்கிறது என்று தேடினேன். முதல் படியிலேயே நின்றது. "ரூட்டிங்ல பிரச்சினை," என்று டாக்டர் போல அறிவித்தேன். வயரைப் பார்ப்பதுதான் கோர்ஸின் முதல் பாடம். அன்று நான் லீவு. பீரோவை அண்ணாந்து பார்த்தேன். வயர் மேலே போனது. அது போதும் எனக்கு.

ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து, ரவுட்டர் இருக்குமிடத்தைச் சொல்லும் கேட்வே எண்ணை மாற்றினேன். விண்டோஸ் 98-இல் ஒரு எண்ணை மாற்றினாலும் அணைத்துப் போட வேண்டும். மாற்றினேன், அணைத்தேன், போட்டேன். பிறகு வேறு எண். மணி பன்னிரண்டு. தனபால் புதுச்சட்டையை லாரி சீட்டில் போட்டுவிட்டு வந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருவனுடைய தங்கை நிச்சயத்தை நான் கெடுக்கப் போகிறேன் என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது.

தனபால் வேறு வழி தெரியாமல், பூஜை போட்ட சாமி படத்தின் முன் போய்க் கைகூப்பினார். குங்குமம் எடுக்க மாலையை விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், சாமிக்கு இன்னாத்துக்கு இந்தப் பொட்டி?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். என் ரவுட்டர்.

பூஜைக்கு எல்லோரும் ஆயுதம் வைத்தார்கள். என்னிடம் இருந்தது ஒரு ஸ்க்ரூடிரைவர். இன்ஜினியருக்கு ஸ்க்ரூடிரைவரா? பீரோமேல் ஏறி, வயர்களைப் பிடுங்கி அங்கேயே போட்டுவிட்டு, ரவுட்டரை எடுத்து வந்து, சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலைக்குப் பக்கத்தில் வைத்தவன் நானேதான். விடுமுறையில் சுத்தமாக மறந்துவிட்டேன். (நீங்கள் நம்பமாட்டீர்கள். என் மனைவியும் இன்றுவரை நம்பவில்லை.)

"மாரி அண்ணே! கொக்கி எடுக்கும்போதே பாத்திருப்பியே, சொல்லக் கூடாதா?"

"உன் ஆயுதத்த நீதானே நைனா எடுக்கணும்? நான் தொட்டா தப்பு. காலீலேர்ந்து ரூட்டு ரூட்டுன்னு கத்திகினு கீறியே, பொட்டியக் காணோம்னு ஒரு வார்த்த சொன்னியா?"

பெட்டியைத் துடைத்து மாட்டினேன். அப்போதும் சர்வர் வரவில்லை! சரியாக இருந்த எண்களையெல்லாம்தான் மாற்றித் தொலைத்திருந்தேனே. பழையது என்ன என்று எனக்கு நினைவில்லை. ஸ்டெல்லா அக்கா அமைதியாகக் காலண்டர் தாள் ஒன்றை நீட்டினார். ஐந்து கம்ப்யூட்டரின் எண்களும் அழகான கையெழுத்தில் இருந்தன.

"நீ மாத்தறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுக்கினேன் தம்பி. உன்னப் பாத்தா எழுதி வெக்கணும்னு தோணிச்சு."

பன்னிரண்டரைக்குக் காகிதம் பிரிண்டரில் வந்தது. தனபால் அதை வாங்கிக்கொண்டு ஓடினார்.

நாலரை மணிக்குக் காலி டிரெய்லர் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. புதுச்சட்டையில் தனபால். "ஏறு சார், நிச்சயத்துக்குப் போலாம்."

திட்டுவார் என்று பயந்துகொண்டே ஏறினேன். அவர் திட்டவில்லை. அதைவிட மோசமாக, மீஞ்சூரில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் கதையைச் சொன்னார். பந்தியில் எனக்குச் சாம்பார் ஊற்றிய அவருடைய சித்தப்பா மகள் மலர், கரண்டியைப் பிடித்தபடியே கேட்டாள்: "இன்னாங்க, சாமிக்கே கனெக்‌ஷன் குடுத்தவரு நீங்கதானா?"

இரண்டு வருஷம் கழித்து அந்த மலரைத்தான் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் சாவி, கண்ணாடி, பால் கார்டு என்று எது தொலைந்தாலும் முதலில் சாமி படத்து மாலைக்குப் பின்னால்தான் தேடுவார்கள். ஆயுத பூஜையன்று நான் இன்டர்நெட் பெட்டியின் பக்கம் போனாலே மலரும் எங்கள் பெண்ணும் குறுக்கே வந்து நிற்கிறார்கள். அதற்குப் பொட்டு உண்டு, பூ உண்டு, ஆனால் வயரில் கை வைக்கக் கூடாது. சாமி படத்தைத்தான் நாங்கள் அதன் பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம்.