உச்சிவெயில் நலத்திட்டம்

ஊழியர்களின் உடல்நலத்துக்காகத் தம் அறையின் ஜன்னல் திரையையே விலக்கி வைத்த தியாகி உலகில் ஒருவர் உண்டென்றால், அவர் அந்த மின்விசிறிக் கம்பெனியின் கிளை மேலாளர்தான். கோடை தொடங்கியதுமே கூட்டம் கூட்டிவிட்டார்.

"நாற்காலியே கதின்னு கிடக்கீங்க. இனிமே எல்லாரும் வெளியில நடக்கணும். இயற்கையோட ஒன்றிப்போகணும்" என்றார், ஏ.சி. குளிருக்குப் போர்த்தியிருந்த சால்வையை இழுத்து விட்டுக்கொண்டே.

'ஒட்டடைக்குச்சி' என்று அலுவலகமே செல்லமாக அழைக்கும் குமாஸ்தா, பின்வரிசையில் மெல்ல எழுந்தான்.

"காலையில, வெயிலுக்கு முன்னாடி நடக்கலாமா சார்?"

"நடந்த களைப்புல ஆபீசுக்கு லேட்டா வருவீங்க."

"அப்ப சாயங்காலம்?"

"அது குடும்பத்துக்கான நேரம்பா. அதுல கை வைக்க எனக்கு மனசு வராது."

தினமும் இருட்டும்வரை ஆட்களைப் பிடித்து வைத்திருப்பவரின் இந்த இளகிய மனதைக் கண்டு கூட்டம் உருகிப்போனது. மிச்சம் இருந்தது மதியச் சாப்பாட்டு இடைவேளை ஒன்றுதான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த ஒரு மனம் மேலாளருடையது.

ஒட்டடைக்குச்சி சரியென்று உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவியும் கைக்குழந்தையும் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில் இருந்தார்கள். அந்த ஊருக்கு மாற்றல் கேட்டு அவன் போட்ட விண்ணப்பத்துக்கு மேலாளர் பரிந்துரைக்க வேண்டும். "சுறுசுறுப்பானவங்களுக்குத்தான் பரிந்துரை" என்று அவர் சொல்லியிருந்தார்.

திட்டம் விஞ்ஞான முறைப்படி நடந்தது. மருத்துவர் ஒருவரிடம் ஆலோசனை பெற்று, 'நிழலில் நடப்பீர், நலம் பெறுவீர்' என்று பெரிய பலகை எழுதி மைதானத்தில் நட்டார்கள். மறுநாளே மைதானத்து மரங்களை வெட்டினார்கள். மேலாளரின் ஜன்னலிலிருந்து பார்த்தால் யார் நடக்கிறார், யார் நிற்கிறார் என்று தெரியாதபடி அவை மறைத்தனவாம்.

ஒட்டடைக்குச்சி நடந்தான். மற்றவர்களுக்குத் தலைவலி, மாமியார் வருகை, பல் பிடுங்கல் என்று ஏதேதோ வந்தன. அவனுக்கு ஒன்றும் வரவில்லை. இரவு போனில் முகம் பார்த்த மனைவி கேட்டாள்: "மூக்கெல்லாம் ஏன் தோலுரிஞ்சு கிடக்கு? உங்களை யாரோன்னு நினைச்சு குழந்தை அழுறா."

"உடம்பை நல்லா பார்த்துக்கறேன்ல, அதான்" என்றான். போனை வைத்த பிறகு அவனுக்கும் அழுகை வந்தது.

ஒருநாள் அவனுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த காசாளர் பொத்தென்று விழுந்தார். ஒட்டடைக்குச்சி அவரை இழுத்துப்போய், அந்த மைதானத்தில் மிஞ்சியிருந்த ஒரே நிழலில், நலம் பெறச் சொல்லும் பலகையின் அடியில் கிடத்தித் தண்ணீர் தெளித்தான். அவர் கண் விழிப்பதற்குள் மேலே மேலாளர் அறையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"ஏம்பா நின்னுட்ட?"

"காசாளர் விழுந்துட்டார் சார்."

"விழுந்தது அவரு. நீ ஏன் நின்ன?"

நல்லவேளையாக, காசாளரை 'வெயிலில் ஓய்வெடுத்தவர்' என்று அறிக்கையில் சேர்த்துப் பிரச்சினையைச் சுமுகமாக முடித்தார்கள்.

கோடை முடியும் தறுவாயில் அறிக்கையைப் படித்துத் தலைமை அலுவலகம் மனம் குளிர்ந்துபோனது. மாற்றல் உத்தரவு வந்தது. ஒட்டடைக்குச்சி ஆசைப்பட்ட அதே ஊருக்கு, பதவி உயர்வோடு, 'ஊழியர் நலத் தலைவர்' என்ற பட்டத்தோடு, மேலாளருக்கு.

வழியனுப்பு விழா ஏ.சி. அறையில் நடந்தது. மாலையும் சால்வையுமாக நின்றவரை ஒட்டடைக்குச்சி தனியே நெருங்கினான்.

"என் விண்ணப்பம் சார்..."

"உன்னை எப்படிப்பா விடறது? நீயும் போயிட்டா அடுத்த கோடைக்கு நடக்க ஆள் வேணாமா? திட்டத்தோட முதுகெலும்பே நீதான்." மேலாளர் அவன் தோளில் தட்டினார். "என்னைப் பாரு. வெயில் மழைன்னு பார்க்காம உழைச்சேன். பலன் தானா வந்துச்சு."

ஒட்டடைக்குச்சி தலையாட்டினான்.

"ரொம்ப சந்தோஷம் சார். அந்த ஊருக்குப் போனதும் என் வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க. குழந்தைக்கு நீங்க யாருன்னு தெரியாது. அவ அப்பா நடந்து நடந்து அனுப்பி வச்ச ஆளுன்னு சொல்லுங்க."