தையல் மெஷினுக்கு மூன்று கொட்டேஷன்

அரசாங்கத்துக்காக முப்பத்து மூன்று வருடம் பொருள் வாங்கியவன் நான். வீட்டுக்கு அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கக்கூட எனக்குத் தகுதியில்லை என்பது குடும்பத்தின் தீர்ப்பு. மேல்முறையீடு செய்யவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. தாம்பரத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையின் பெண்கள் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை பழைய பொருள் விற்பனை நடத்தும். சபையார் கொடுக்கும் பாத்திரம், நாற்காலி, ஸ்வெட்டர் எல்லாவற்றுக்கும் விலை வைப்பது என் மனைவி கிரேஸ். ஒரே மாதிரி இரண்டு குக்கர் இருந்தால் ஒருவருக்கு நாற்பது ரூபாய், அடுத்தவருக்குப் பத்து. (தணிக்கைக்காரன் பார்த்தால் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.)

"இதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டேன்.

"அவங்க கால்ல இருக்கிற செருப்பு" என்றாள்.

அந்த வருடம் விலை நிர்ணயத்தை நானே ஏற்றுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

அந்தத் தடவை வந்ததிலேயே பெரிய பொருள் காலால் மிதித்து ஓட்டும் ஒரு தையல் மெஷின். அதை சுசீலாவுக்கென்று கிரேஸ் மனதில் ஒதுக்கி வைத்திருந்தாள். சுசீலாவின் கணவன் பம்மலில் தோல் பதனிடும் வேலையில் இருந்து, அந்த வருடம்தான் இறந்துபோயிருந்தான். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. மெஷின் கிடைத்தால் வீட்டிலிருந்தே ரவிக்கை தைப்பாள். இல்லாவிட்டால் குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டுத் தோல் பட்டறைக்குப் போக வேண்டும்.

"முன்கூட்டி ஒதுக்குறது விதிமீறல். டோக்கன் வாங்கி வரிசையில வரட்டும்" என்றேன்.

பிறகு சந்தை ஆய்வுக்குக் கிளம்பினேன். பம்மலில் ஒன்று, குரோம்பேட்டையில் ஒன்று, மேற்குத் தாம்பரத்தில் ஒன்று என மூன்று பழைய சாமான் கடைகள். கையில் நோட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா. "இது என்ன விலை போகும்?" என்று ஒவ்வொரு பொருளாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

"மிதி மெஷினா? எர்நூறு ரூவா சார்" என்றார் பம்மல் கடைக்காரர். குரோம்பேட்டையில் நூற்றெண்பது, தாம்பரத்தில் இருநூற்றிருபது. சராசரி இருநூறு. ஊர் உலகம் இவ்வளவு மலிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். விற்பனை நாளும் நேரமும் போட்டு ஒப்பீட்டுப் பட்டியலை டைப் அடித்து ஆலய நோட்டீஸ் பலகையில் ஒட்டினேன். அத்தோடு விட்டேனா? கீழே 'நகல்: கொட்டேஷன் அளித்தவர்களுக்கு, தகவலுக்காக' என்று போட்டு மூன்று கடைகளுக்கும் தபாலில் அனுப்பினேன்.

சுசீலா பட்டியலைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "இருநூறுதானா சார்? நானூறு ஆகும்னு கிரேஸ் அக்கா சொன்னாங்க. சேத்து வெச்சிருக்கேன் சார். மிச்சத்துல பாப்பாவுக்கு ஒரு கவுன் எடுத்துடுவேன்."

"எல்லாம் முறைப்படி செஞ்சா இப்படித்தாம்மா" என்றேன். (இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது.)

விற்பனை ஒன்பது மணிக்கு. சுசீலா ஏழரைக்கே வந்துவிட்டாள். அவளுக்குக் கிடைத்த டோக்கன் நான்கு. முதல் மூன்று டோக்கன்களை என் மூன்று கடைக்காரர்களும் வைத்திருந்தார்கள். வாசலில் சாமான் ஏற்ற மூன்று மீன்பாடி வண்டிகள். அரைமணி நேரத்தில் ஹால் காலி. மெஷின், டோக்கன் ஒன்று வைத்திருந்த பம்மல் கடைக்காரருக்குப் போனது.

"பரவால்ல சார்" என்றாள் சுசீலா. கைக்குட்டையில் முடிந்திருந்த பணத்தை அவள் அவிழ்க்கவே இல்லை.

கிரேஸ் நேராக வீட்டுக்குப் போய், பீரோவிலிருந்து எழுநூறு ரூபாய் எடுத்து வந்தாள். "கேக்குற விலையைக் குடுத்துட்டு மெஷினை எடுத்துட்டு வாங்க. வேற எதுவும் பேசாதீங்க."

பம்மல் கடை வாசலில் மெஷின் நின்றது, புதிதாக எண்ணெய் போட்டு.

"ஆறுநூத்தம்பது சார்."

"நீங்கதானே இருநூறுன்னு சொன்னீங்க?"

"அது நான் வாங்குற வெல. நோட்டும் கையுமா வந்து நின்னியே, வூட்டுச் சாமான விக்க வந்துகீறேன்னு நெனச்சேன். வாங்கவா விக்கவான்னு சொல்ல வாணாமா சார்? அதுவும் லெட்டர் வேற போட்டுக் கூப்டியே!"

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் முட்டாள்தனம். பணம் சட்டைப்பையில் இருந்தது. கொடுத்திருக்கலாம். ஒரே ஒரு கொட்டேஷனை நம்பி ஆறுநூற்றைம்பது ரூபாய் கொடுக்க என் கை வரவில்லை. பஸ் பிடித்துக் குரோம்பேட்டைக்குப் போனேன். அங்கே இதே மாதிரி மெஷின் எழுநூறு. அங்கிருந்து தாம்பரம்; எழுநூற்றிருபது. பம்மல்தான் குறைவு என்று முறைப்படி உறுதி செய்துகொண்டு திரும்பினேன்.

வாசல் காலியாக இருந்தது. "கூடுவாஞ்சேரி ஆளு ஒருத்தர், வெலயே பேசல, தூக்கிகினு போய்ட்டாரு" என்றார் கடைக்காரர்.

அடுத்த மாதம் சுசீலா தோல் பட்டறைக்குப் போனாள். குழந்தையை எங்கள் வீட்டில்தான் விட்டுவிட்டுப் போவாள். கிரேஸ் அதைப் பற்றி என்னிடம் கேட்கவும் இல்லை, பட்டியல் போடச் சொல்லவும் இல்லை. காலையில் சுசீலா வரும் நேரம் பார்த்து நான் கொல்லைப்புறம் போய்விடுவேன். சாயம் ஏறி அவள் விரல்கள் கறுத்துக்கொண்டே வந்தன.

பல வருடம் கழித்து, ஓய்வு பெற்ற வாரம், முதலில் கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்து, விலை கேட்காமல் ஒரு புது மெஷின் வாங்கி சுசீலாவின் வீட்டில் இறக்கினேன். அவள் அதன் சக்கரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"அழகா இருக்கு சார். எனக்கு இப்ப ஊசில நூல் கோக்கக் கண்ணு தெரியல. இடமும் இல்ல. உங்க வீட்லயே இருக்கட்டும்."

இருக்கிறது. எங்கள் ஹாலில், உறை போட்டு, மேலே டெலிபோனோடு. வருகிறவர்கள் யாராவது "இது என்ன விலை?" என்று கேட்டால் உள்ளேயிருந்து என் பிள்ளைகள் கத்துவார்கள்: "வாங்கவா, விக்கவா?" எங்களிடமே வளர்ந்த சுசீலாவின் பெண்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துவாள். பக்கத்தில் அவள் அம்மா இருந்தால், கறுத்த விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்த விரல்களைப் பார்க்காமல் இருக்க, நான் டெலிபோனை எடுத்து வைத்துவிட்டு உறையைச் சரிசெய்வேன்.