மச்சானை விரட்ட நாலு கம்பி

என் நாற்காலி போய்விட்டது. மச்சானை வீட்டைவிட்டுக் கிளப்ப பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டேன். அதனால் போனது.

மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயரானவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விசிலுக்கு வரிசையில் நிற்கிற பெண் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஊரின் அந்தக் கோடியில் பெரிய வீடு. முழங்கால் ஆபரேஷன் முடிந்ததும், "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்" என்று வந்தார். முழங்கால் தேறியது. மாடிப்படி ஏறினார். மார்க்கெட்டுக்கு நடந்தார். எங்கே நடந்தாலும் திரும்பி வந்து என் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

ஜன்னலோரப் பிரம்பு நாற்காலி. ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் செய்தவன் நான். இருட்டுக் குழிக்குள் கழித்த காலத்துக்கு அந்த ஜன்னல்தான் என் பென்ஷன்.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். பெண்டாட்டியின் அண்ணனை எழுந்திருக்கச் சொன்னால் நாற்காலி கிடைக்கும். சாப்பாடு கிடைக்காது.

வாத்தியக் கடைக்குப் போனேன்.

"என்ன சார் வேணும்?"

"தொந்தரவா ஒண்ணு வேணும்."

கடைக்காரன் அசரவில்லை. என்னைப் போல் பலபேரைப் பார்த்திருப்பான்.

"டிரம்ஸ்?"

"அதை வாங்கினா என் சம்சாரம் என்மேல வாசிப்பா."

"அப்போ பேஸ் கிட்டார் எடுத்துக்குங்க. நாலே கம்பி. சத்தம் காதோட நிக்காது. சுவத்துல போகும், தரையில போகும், கட்டில் காலைப் பிடிச்சு மேல ஏறும்."

"கட்டுப்பா."

வீட்டுக்கு வந்தேன். பெண்டாட்டி மேலும் கீழும் பார்த்தாள். என்னை இல்லை, அதை.

"என்னங்க இது, இவ்வளவு நீளக் கழுத்து?"

"பேஸ் கிட்டார். சின்ன வயசு ஆசை."

"கல்யாணமான புதுசுல என்மேலயே ஆசை இருக்கறதா நீங்க சொன்னதில்லை. இதுமேல இருந்துச்சாக்கும்!"

ஸ்பீக்கர் பெட்டியை மச்சான் அறைச் சுவரோடு ஒட்டி வைத்தேன். சத்தத்தைக் கூட்டினேன். இருப்பதிலேயே தடித்த கம்பியை இழுத்து விட்டேன்.

டூம்.

ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பக்கத்து அறையில், டம்ளர் தண்ணீரில் கிடந்த மச்சானின் பல்செட் தானாகப் பேசியது. இன்னும் நாலு இழுப்பு இழுத்தேன். ஒரு கம்பியைத் தொட்டால் அடுத்த கம்பியும் சேர்ந்து முனகியது. விரலை எடுத்த பிறகும் சத்தம் போகவில்லை. மச்சான் ஜாதி.

கதவு திறந்தது. பெட்டியோடு வருவார் என்று பார்த்தேன். விசிலோடு வந்தார்.

"பீ...ப்! மாப்பிள்ளை, நிறுத்துங்க!"

"தொந்தரவா இருக்கா மச்சான்?" குரலில் தேன் தடவிக் கேட்டேன்.

"இருக்காதா பின்னே? ஒண்ணு, ரெண்டு ஒழுங்கா வர்றீங்க. மூணுல ஏன் ஓடறீங்க? எங்கே தீப்பிடிச்சிருக்கு?"

"எனக்கு அப்படித்தான் வரும்."

"என்கிட்ட அப்படி வராது. முதுகை நிமித்துங்க. லெஃப்ட், ரைட், லெஃப்ட், ரைட்! ம், கம்பியைப் பிடிங்க!"

அவர் முகத்தைப் பார்த்தேன். வந்த நாளிலிருந்து அதில் இல்லாத ஒரு வெளிச்சம். ரிட்டயரான டிரில் மாஸ்டருக்கு நடக்கத் தெரியாத ஒரு பையன் கிடைத்துவிட்டான். அந்தப் பையனுக்கு வழுக்கைத் தலை.

"ஒரு பாட்டை முழுசா தாளம் தப்பாம நீங்க வாசிக்கிற வரைக்கும் இந்த வீட்டைவிட்டு நகர மாட்டேன் மாப்பிள்ளை. இது சத்தியம்."

விரட்ட வாங்கிய சாமான் அவருக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டது.

இனி ஒரே வழிதான். ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும். உலகத்தில் எவனும் இந்தக் காரணத்துக்காக சங்கீதம் பயின்றிருக்க மாட்டான்.

பயின்றேன். விரல் நுனி கொப்புளித்தது. கொப்புளம் உடைந்தது. உடைந்த இடத்தில் தோல் காய்த்தது. மச்சான் என் நாற்காலியில் சாய்ந்தபடி கைத்தடியால் தரையைத் தட்டினார். நான் முக்காலியில்.

"அடிக்கறது பெருசில்லை மாப்பிள்ளை. அடிக்காம இருக்கறதுதான் பெருசு. மத்த கம்பி வாயை உள்ளங்கையால அமுக்குங்க."

"அதோட உங்க ரெண்டு பேர் வாயையும் யாராவது அமுக்கினா நல்லாயிருக்கும்" என்றது சமையலறை.

"டீ கொண்டா" என்றேன் நான்.

"எனக்கும்" என்றார் அவர்.

"டீ கேக்கும்போது மட்டும் ரெண்டு பேருக்கும் தாளம் தப்பறதில்லை."

பாவம், அவளுக்கும் கஷ்டம்தான். அலமாரித் தட்டுகள் விளிம்புக்கு நகர்ந்தன. ஒருநாள் சுவர்க் கடிகாரம் கழன்று விழுந்தது. கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. கடிகாரத்தைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, என்னையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தாள். பழைய சாமானுக்கு விலை சொல்கிறவன் பார்ப்பதுபோல. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடைசியில் அந்த நாள் வந்தது. முதலிலிருந்து முடிவுவரை வாசித்தேன். மூன்றில் ஓடவில்லை. நான்கில் தடுமாறவில்லை. அடுத்த கம்பி மூச்சு விடவில்லை. ரிப்பேர் முடிந்த லிஃப்ட் மாதிரி, நிற்க வேண்டிய மாடியில் சரியாக நின்றேன்.

மச்சானின் கைத்தடி நின்றது. கண் கலங்கியிருந்தது.

"முடிஞ்சுது மாப்பிள்ளை. சொன்ன சொல் தவற மாட்டேன். கிளம்பறேன்."

போய்ப் பெட்டி கட்டினார். அதை நானே வாசல்வரை தூக்கினேன். இடுப்பு வலிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். காலி நாற்காலி. ஜன்னல் வெயில். என் வெயில்.

பெண்டாட்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, பாட்டு பிரமாதம். ஒரு சந்தேகம்."

"என்னம்மா?"

"இவர் உக்காந்துதானே வாசிச்சார்? நின்னு வாசிக்க வருமா?"

பெட்டியை வாசலுக்கு வெளியே ஒரு தள்ளு தள்ளினேன்.

"அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்றேன்.

"நில்லுங்க மாப்பிள்ளை!" மச்சானின் கை விசிலைத் தேடியது.

வாரைத் தோளில் மாட்டி நின்றேன். நிற்க ஆரம்பித்ததும் எல்லாம் இடம் மாறிவிட்டது. கிட்டார் முழங்காலுக்கு இறங்கியது. அதன் தலை தரையைப் பார்த்துச் சாய்ந்தது. இடதுகை அதைத் தாங்கப் போனது. வலதுகை கம்பியைத் தேடியது. ஒன்று, மூன்று, டூம், ஐயோ.

"உக்காந்து வர்றது நின்னா வரலைன்னா அது என்ன பயிற்சி?" மச்சான் பெட்டியைத் திரும்ப உள்ளே இழுத்தார். "நான் போகலை."

"இங்கே நிக்க எங்கேண்ணே இடம்?" என்றாள் அவள், பரிதாபமாக. "நடுவுல கட்டில், மேஜை. உங்க வீட்டு ஹால் எவ்வளவு பெருசு! சும்மாதானே பூட்டிக் கிடக்கு? இவரையும் கூட்டிட்டுப் போயிடுங்க."

"என் துணிமணி?" என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து என் பையை எடுத்தாள். சட்டை, வேட்டி, துண்டு, எல்லாம் உள்ளே. பையின் மேல் தூசி படிந்திருந்தது. கடிகாரம் விழுந்த நாளிலேயே கட்டிய பை.

"நாற்காலிதான் வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே" என்று என் காதில் மட்டும் சொன்னாள். "ரெண்டு பேரையும் ஒரேயடியா அனுப்ப எனக்கும் வேற வழி தெரியலை."

இப்போது மச்சான் வீட்டு ஹாலில் நிற்கிறேன். விடிந்ததும் விசில். டீயை நான்தான் போடுகிறேன். நேற்று போன் செய்தேன்.

"எப்போ வரட்டும்?"

"நீங்க தேறிட்டீங்கன்னு அண்ணன் சொல்லட்டும்."

"எப்போ சொல்வார்?"

"நான் சொல்லச் சொன்னா சொல்வார்."

போனில் வேறு சத்தமே இல்லை. பிரம்பு மட்டும் சுகமாகக் கிறீச்சிட்டது.

நாற்காலிச் சண்டை ஒருவழியாகத் தீர்ந்தது. தீர்த்து வைத்தது நானில்லை, மச்சானில்லை. அதில் உட்கார்ந்திருக்கிற என் பெண்டாட்டி.